கண்ணாயிரத்தை எந்த டீம் எடுக்கும்?

பல்லவா கிளப்பில் மூன்று வருடம் கோல்கீப்பராக நின்றேன். அந்த மூன்று வருடத்தில் நான் பந்தைப் பிடித்ததைவிடக் கொசு அடித்ததுதான் அதிகம். எங்கள் மேனேஜர் கண்ணாயிரம் நிறுத்தி வைத்த ஆள்களைத் தாண்டிப் பந்து என்னிடம் வந்து சேர்வதே அபூர்வம்.

கண்ணாயிரம் ஓரிக்கைப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவருடைய அப்பா ஏரி மதகைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்க்கட்டி. கண்ணாயிரத்துக்கு அந்த வேலை ஒத்துவரவில்லை. பட்டாளத்தில் சேர்ந்து பெங்களூருக்குப் போனார். அங்கே கால்பந்து பழகி, முழங்காலை உடைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். எங்கள் கிளப்பின் தலைவர் நமச்சிவாயம் பெரிய பட்டு வியாபாரி. அவர் கண்ணாயிரத்தை மேனேஜராக வைத்துக்கொண்டு, பிழைப்புக்குத் தன் சாயப் பட்டறையில் மேஸ்திரி வேலையும் கொடுத்தார். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் என்னைப் போல் தறிக்காரர்கள். பகலெல்லாம் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துவிட்டு, சாயங்காலம் பாலாற்று மணலில் ஓடுவோம்.

அந்தக் காலத்தில் எந்த டீமிலும் முன்னால் ஐந்து பேர் ஓடுவார்கள். எங்கள் டீமில் ஒருவர். மற்றவர்களெல்லாம் கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்க வேண்டும். ஏன் இப்படி என்று கேட்டால், "கரை ஒடையாம இருந்தாத்தான்பா ஏரி. ஒடைஞ்சா வெறும் பள்ளம்" என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

அறுபத்தெட்டாம் வருடம் கோடையில் வட்டாரச் சுழற்கோப்பையில், ஒற்றைக் கோலிலும் டாஸிலுமாகத் தப்பித்து இறுதி ஆட்டம் வரை வந்தோம். அரக்கோணம் டீமோடு ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. மறுநாள் திரும்ப ஆடினோம். அன்றைக்கும் இல்லை. கடைசியில் பூவா தலையா போட்டார்கள். அரக்கோணத்துக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நமச்சிவாயம் பந்தலிலிருந்து இறங்கி நேராக மைதானத்துக்குள் வந்தார். நாங்கள் எல்லாரும் பக்கத்தில்தான் நின்றோம்.

"கண்ணாயிரம், நீ தோத்திருந்தாக்கூட நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

"தோக்கலியே மொதலாளி."

"அதாம்பா என் வருத்தம்! ரெண்டு நாளா ஊரே வந்து ஒக்காந்துச்சு. ஒரு கோலாவது பாத்தாங்களா? என் சம்பந்தி பட்டப்பகல்ல கொறட்டை வுட்டுக்கினு தூங்கறாரு. நாளையிலேர்ந்து நீ டீம் பக்கம் வரவேணாம்."

"பட்டறைக்கு?"

நமச்சிவாயம் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் வேணாம்பா. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு இருந்தா ரெண்டு பேருக்கும் சங்கடம்."

கண்ணாயிரம் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

அதற்குப் பிறகு ஊருக்கு ஒரே கேள்விதான். கண்ணாயிரத்தை எந்த டீம் எடுக்கும்? முடிதிருத்தும் கடையில் அதைப் பற்றிப் பேசாத ஆளில்லை. வேலூர் எடுக்கும் என்றார் ஒருவர். திருவண்ணாமலைப் பக்கம் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். மெட்ராஸில் பெரிய டீமுக்குப் போகப்போகிறார் என்று நான் சொன்னபோது, முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். "பாக்கறவனுக்குத் தலகாணி குடுத்து டிக்கெட் விப்பாங்களா?" என்றார்.

எனக்கு மட்டும் விடாத ஆவல். புது மேனேஜர் வந்ததும் முன்னால் ஐந்து பேரை ஓடவிட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள். முதல் ஆட்டத்திலேயே நான் நான்கு கோல் வாங்கினேன். இரண்டாவது ஆட்டத்தில் ஐந்து. அப்போதுதான் இத்தனை நாள் என்னைக் காப்பாற்றி வைத்திருந்தது யார் என்று உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஓரிக்கைக்குப் போனேன்.

கண்ணாயிரம் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி காந்தா கூழ் கொண்டுவந்திருந்தாள்.

"எங்கியாவது கேட்டீங்களாண்ணா?"

"கேட்டேன். வேலூர்ல செகரட்டரி ரொம்ப மரியாதையாப் பேசினாரு. 'ஒங்க ஃபைனல நான் பாத்தேன். அன்னிக்கு மாதிரி நான் தூங்கினதே இல்ல'ன்னாரு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "செங்கல்பட்டுல உள்ளியே வுடல."

காந்தா குறுக்கே வந்தாள். "எங்க அண்ணன் வாலாஜாபாத் ரைஸ் மில்லுல ஃபோர்மேன். அங்க வேலை காலியா இருக்குது. நாலு பசங்க பந்து ஒதைக்கிறாங்களாம், அவங்களையும் பாத்துக்கலாமாம். போன்னா போவ மாட்டேங்குறாரு."

"அது டீம் இல்ல காந்தா. மில்லு லாரி வராத நேரத்துல ஆடறாங்க."

"இவரு எதுக்குக் காத்துக்கினு இருக்காருன்னு கேட்டுச் சொல்லுப்பா. எனக்குத் தெரிஞ்சாகணும்."

கேட்டேன். "எனக்கே தெரியல பரசுராமா" என்றார். "ஆனா எங்கியோ ஒருத்தனுக்கு கோல் வாங்கி வாங்கி அலுத்திருக்கும். அவன் என்னைத் தேடுவான்."

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குக் கூட்டம் வந்து போன மறுநாள், நெய்து முடித்த புடவையைக் கொடுக்க நமச்சிவாயத்தின் கடைக்குப் போயிருந்தேன். பாயில் ஒரு புதியவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நாமம், சட்டைப் பையில் இரண்டு பேனா. பேர் சக்ரவர்த்தி. சின்னக் காஞ்சிபுரத்துக்காரர்தான், மெட்ராஸில் பேங்க் வேலை. திருவிழாவுக்காகத் தங்கை வீட்டுக்கு வந்தவர், தங்கைக்கு ஒரு புடவை பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை மட்டும் புடவையில் இல்லை.

"உங்க டீம்ல கண்ணாயிரம்னு ஒருத்தர் இருந்தாராமே? எப்படி?" என்று கேட்டார்.

நமச்சிவாயம் பட்டென்று நிமிர்ந்தார். "அவன் பேச்சை எடுக்காதீங்க சார். அவன் டீமுக்கு எதிரா ஒரு கோல் போடறதுக்குள்ள எவனா இருந்தாலும் தாவு தீந்துடும். போன வருசம் பூரா நாங்க வாங்கினது ரெண்டே கோலு. அதுல ஒண்ணு எங்காளே தப்பா ஒதைச்சது. பாக்கறவங்களுக்குப் பைத்தியம் புடிச்சுடும் சார்! ஜெயிக்கவும் மாட்டான், தோக்கவும் மாட்டான்."

"தோக்கவே மாட்டாரா?"

"எங்க தோத்தான்? டாஸ்லதான் தோத்தான்!"

சக்ரவர்த்தி கைக்குக் கிடைத்த முதல் புடவையையே எடுத்துக்கொண்டு எழுந்தார். பேரம்கூடப் பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, பின்னாலேயே ஓடித் தெருமுனையில் பிடித்தேன்.

"சார், நான் அந்த டீம் கோல்கீப்பரு. எதுக்கு சார் கேட்டீங்க?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். மெட்ராஸில் புரசை யூனியன் என்ற டீமுக்கு அவர் செகரட்டரி. முதல் டிவிஷனில் ஆடும் டீம். லீக்கில் இன்னும் ஐந்து ஆட்டம் பாக்கி. அவர்கள் கடைசியில் கிடந்தார்கள். மேனேஜர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இப்படியே போனால் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள்.

"எனக்குக் கைதட்டல் வேண்டாம்பா. ஆட்டத்துக்கு ஒரு பாயிண்ட் வந்தாப் போதும். அவர் ஆத்துக்கு வழி காட்றியா?"

அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஓரிக்கைக்கு மிதித்தேன். கண்ணாயிரம் ஆச்சரியப்படவில்லை. கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, புரசை யூனியன் வாங்கின கோல்களைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தார். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அப்போது யார் எங்கே நின்றார்கள் என்று வைத்தியர் நாடி பார்ப்பதுபோல. கேள்வி கேட்க வேண்டிய இன்னொருத்தி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"எத்தினி நாளைக்கு சார் இந்த வேலை?" என்றாள் காந்தா.

"லீக் முடியற வரைக்கும்மா."

"அப்பறம்?"

சக்ரவர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய் சொல்லப் பிடிக்கலை. டீம் நிலைச்சா வேலையும் நிலைக்கும். இல்லேன்னா நானே செகரட்டரியா இருக்கமாட்டேன்."

காந்தா புருஷனைப் பார்த்தாள். "போய்ட்டு வா. மில்லு வேலைய யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கச் சொல்லி அண்ணனுக்கு ஆள் அனுப்பறேன்."

மெட்ராஸில் முதல் ஆட்டம் இரண்டு கோலில் தோல்வி. கேப்டன் ஆதிகேசவன் துறைமுகத்தில் வேலை செய்யும் முரட்டு ஆள்; டீமின் பெரிய ஃபார்வர்டு. "பின்னால வந்து நிக்கறதுக்கு நான் இன்னா வாட்ச்மேனா?" என்று சொல்லி முன்னாலேயே நின்றுவிட்டான். ஆட்டம் முடிந்ததும் கண்ணாயிரம் யாரையும் திட்டவில்லையாம். இரண்டு கோலும் எப்படி வந்தன என்று எல்லாரையும் கேட்டார். ஆளுக்கு ஆள் அடுத்தவனைக் கைகாட்டினார்கள். கைகாட்டிக் காட்டி, கடைசியில் எல்லா விரலும் ஆதிகேசவன் பக்கம் திரும்பின. அவனும் யோக்கியன்தான். "சரி, ஒரே ஒரு ஆட்டம் நீ சொல்றாப்ல ஆடிப் பாக்கறேன்" என்றான். அதற்குப் பிறகு மூன்று ஆட்டம் கோல் இல்லாமல் சமன். இதெல்லாம் பின்னால் சக்ரவர்த்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆனால் கீழே கிடந்த மற்ற டீம்களும் பாயிண்ட் எடுத்துவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தே ஆகவேண்டும். சமன் செய்தால் பிரயோஜனமில்லை. சேதி காஞ்சிபுரத்துக்கும் வந்தது. ஜெயிக்கத் தெரியாத மனிதர் என்ன செய்வார்? பார்த்தே தீரவேண்டும் என்று புறப்பட்டேன். காந்தாவும் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டாள். "இத்தினி வருசமா இன்னாதான் பண்றாருன்னு நானும் பாக்கறேன்" என்றாள். அவள் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

ஸ்டேடியத்தில் புரசை யூனியன் ஆள்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னாலேயே எங்களுக்கு இடம் கிடைத்தது. பாதி ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது.

"ஏம்பா, பந்து அந்தக் கோடியில போடணும்னா, இவங்க ஏன் எல்லாம் இந்தக் கோடியிலியே நிக்கறாங்க?" என்றாள் காந்தா.

இடைவேளையில் கண்ணாயிரம் ஆதிகேசவனைக் கூப்பிட்டார்.

"எனக்குக் கோல் வாங்காம இருக்கத் தெரியும்பா. போடறதுக்குத் தெரியாது. நீதான் சொல்லணும், இன்னா செய்யலாம்?"

ஆதிகேசவன் விழித்தான். எந்த மேனேஜரும் அவனை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "பின்னால நிக்கறதுல ரெண்டு பேரை எங்கூட அனுப்பு" என்றான்.

"ஒருத்தன்."

"ரெண்டு, மேனேஜரு."

புடவைக் கடை மாதிரி பேரம் நடந்தது. விசில் ஊதும் நேரத்தில் கண்ணாயிரம் கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போ" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் கனவில் பார்ப்பேன். ஆதிகேசவன் ஒன்று போட்டான். எதிராளிகள் திருப்பிப் போட்டார்கள். இன்னொன்று போட்டோம். அதற்கும் பதில் வந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒரு மூலையிலிருந்து வந்த பந்தை, எப்போதும் கோலுக்கு முன்னாலேயே நின்று பழகின தடுப்பாட்டக்காரன் ஒருவன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். மூன்றுக்கு இரண்டு. சக்ரவர்த்தி குடையை விரித்து ஆடினார். நானும் ஆடினேன்.

கண்ணாயிரம் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். எப்போது வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. "அந்த ரெண்டாவது கோலு வந்திருக்கவே கூடாதுப்பா. எடதுபக்கம் ஒருத்தனும் இல்ல, பாத்தியா?" என்றார்.

டீம் நிலைத்தது, சொன்னபடி வேலையும் நிலைத்தது. துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர் வேலை வாங்கிக்கொடுத்தார் சக்ரவர்த்தி. ஆறு வருடம் கண்ணாயிரம் புரசை யூனியனின் மேனேஜராக இருந்தார். கோப்பை ஒன்றும் வாங்கவில்லை. இரண்டாம் டிவிஷனுக்கும் இறங்கவில்லை. ஏழாவது, எட்டாவது, ஒரு வருடம் ஆறாவது. அது போதும் என்று அவர்கள் நினைத்தார்கள். காஞ்சிபுரத்தில் நமச்சிவாயம், "மெட்ராஸ்ல இருக்கானே கண்ணாயிரம், அவன் நான் பொறுக்கி எடுத்த ஆளு" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. அதுவும் உண்மைதானே.

காந்தா புரசைவாக்கத்தில் குடித்தனம் வைத்துவிட்டாள். அவளுக்கு ஆட்டம் பிடித்துப்போயிற்று. ஒரு ஆட்டம் விடாமல் வந்து அதே பெஞ்சுக்குப் பின்னால் உட்காருவாள். ஒருமுறை நான் போயிருந்தபோது டீம் வழக்கம்போல் பின்னால் கூடி நின்றது.

"மேல போங்கப்பா! இன்னாத்துக்கு இங்கியே நிக்கறீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கண்ணாயிரம் திரும்பி, சும்மா இரு என்று கையைக் காட்டினார். அவள் சும்மா இருக்கவில்லை.