முன்கைக்கு இடமில்லாத ஜன்னல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த பெரிய கிராணியை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. பதினேழு வயதில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்திருந்தேன். ஆபீஸில் சின்னக் கிராணி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். துரைக்குப் போகும் கடிதங்களைக் கையால் எழுத வேண்டும், கையெழுத்துதான் பரீட்சை. அது கிடைக்காவிட்டால் கூடையை மாட்டிக்கொண்டு அம்மாவோடு மலையேற வேண்டியதுதான்.

விடுமுறைகளில் கொழுந்து கிள்ளியே என் விரல்கள் கெட்டுப்போயிருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதைப் பிடித்தாலும் வெடுக்கென்று கிள்ளும். பேனாவையும் அப்படித்தான். ஒவ்வொரு எழுத்தின் வாலும் ஒடிந்து நின்றது.

பக்கத்து டவுனான பிரிஞ்சாங்கில் ஒரு பழைய கையெழுத்துப் புத்தகம் வாங்கினேன். எழுதுவது விரல் இல்லை, முன்கை என்றது அது. முழங்கைக்குக் கீழுள்ள சதையை மேசையில் பதித்து, அதன் மேலேயே கையை உருட்ட வேண்டும். சுண்டுவிரல் நகம் காகிதத்தில் சறுக்கிக்கொண்டே போகும். மற்ற விரல்கள் பேனாவைச் சும்மா தாங்கினால் போதும். நாள் முழுக்க வட்டம் வட்டமாகப் போட்டேன்.

"என்னாடி, காயிதத்துல தோச சுடுறியா?" என்றார் அம்மா.

ஒரு மாதத்தில் கிள்ளல் போயிற்று.

பரீட்சை நாளில் பெரிய கிராணி என்னை உள்ளே விடவில்லை. லயத்து வீடுகளில் இருக்கும் கூலி ஆட்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும், அது வழக்கம். ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்தார். கட்டை நாலு விரல் அகலம்தான்.

"ஐயா, கை வைக்க எடம் பத்தல. மேசையில எழுதட்டுங்களா?"

"கொழுந்து கிள்ள மேச கேட்டியா? நின்னே எழுது லா."

முதல் வரியிலேயே விரல்கள் பழைய வேலையைத் தொடங்கின. உள்ளே அவருடைய அக்காள் மகன் மேசையில் முழுக்கையையும் பரப்பி அதே பரீட்சையை எழுதிக்கொண்டிருந்தான்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன். காலி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏய், எந்திரி! தொர பாத்தா என் வேல போயிரும்!"

எழுந்திருக்கவில்லை. முன்கையைப் பதித்துக் கடிதம் முழுவதையும் எழுதி முடித்தேன்.

வாங்கிப் பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. உக்காந்த பாரு, அதான் சரிப்படாது."

வேலை அக்காள் மகனுக்குப் போனது. நான் கூடையோடு மலைக்குப் போனேன். கொஞ்ச நாளில் அவன் எழுதிய அறிவிப்பு ஆபீஸ் சுவரில் தொங்கியது; கோழி கிளறிய குப்பை. கொழுந்து நிறுக்க அங்கே வரிசையில் நிற்கும்போதெல்லாம் அதை எழுத்துக் கூட்டி, திக்கித் திக்கி, சத்தமாகப் படிப்பேன். வரிசையே சிரிக்கும். பெரிய கிராணி எழுந்து வந்து ஜன்னலைச் சாத்துவார்.