சிவபாண்டிக்கு ராதாமணி பெண் பார்த்த கதை

நாற்பத்தொன்பதாவது வயதில் ராதாமணிக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. விளாங்குடி வீட்டில் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். மடித்த சேலையை உதறித் திரும்ப மடித்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டாள். உடம்பு மாறுகிற வயது, படபடப்பு வரத்தான் செய்யும் என்று முதலில் நினைத்தாள். பிறகு தைராய்டாக இருக்குமோ என்று தன் கையில் தானே ஊசி குத்தி ரத்தம் எடுத்து, வேலை பார்க்கும் லேபிலேயே கொடுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஏதாவது கூடக்குறைய இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவதுதான் அவள் வேலை. காலையில் ஸ்கூட்டியைக் கிளப்பினால் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய் வருவாள். கணவர் லட்சுமிநாராயணன் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். மாரடைப்பில் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. நல்ல மனிதர், ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் அவர் வீடு திரும்பும் நேரத்துக்காகத் தான் ஒருநாளும் காத்திருந்ததில்லை என்பது ராதாமணிக்கு இப்போதுதான் உறைத்தது. ஏனென்றால் இப்போது காத்திருந்தாள்.

காத்திருந்தது சிவபாண்டியின் போனுக்கு. அவனுக்கு முப்பத்து மூன்று வயது. ஒத்தக்கடையில் அம்மா முத்துப்பேச்சியோடு இருந்தான். சொந்தமாக ஒரு ஜேசிபி வாங்கி, மேலூர் ரோட்டில் புதிதாகப் பிளாட் போடுகிற இடங்களில் மண்ணைச் சமப்படுத்திக் கொடுப்பான். முத்துப்பேச்சிக்கு இதய வால்வு மாற்றியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவள், அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். ஆனால் ஊசியைக் கண்டால் குழந்தை மாதிரி அழுவாள். ராதாமணி எடுத்தால் மட்டும் அழுவதில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவர்கள் தெருவுக்குள் ஸ்கூட்டி நுழைய முடியாதபடி சகதி. ராதாமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்து நடந்தே போனாள். அடுத்த தடவை போனபோது தெருமுனையிலிருந்து அவர்கள் வாசல் வரை கிராவல் மண் கொட்டி நிரவியிருந்தது.

"யாரு போட்டது?" என்று கேட்டாள்.

"நாந்தான் மேடம். அம்மா நடக்கச் சிரமமா இருக்குல்ல" என்றான் சிவபாண்டி.

உள்ளேயிருந்து முத்துப்பேச்சி சிரித்தாள். "எனக்கா? நான் வாசல்படியத் தாண்டியே மாசக்கணக்காச்சு."

அவன் முகம் சிவந்தது. ராதாமணி ஊசிப் பெட்டியைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

ரிப்போர்ட் கேட்கப் போன் செய்தவன், பிறகு சாப்பிட்டீங்களா என்று கேட்கவும் போன் செய்தான். ஒருநாள் ரத்தம் எடுத்துவிட்டுக் கிளம்பும்போது, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னான்.

"வேணாம் தம்பி. இன்னும் ரெண்டு வீடு கெடக்கு."

அவன் ஸ்கூட்டி வரைக்கும் பின்னாலேயே வந்தான். "என்னயத் தம்பின்னு கூப்பிடாதீங்க."

"பெறகு எப்படிக் கூப்பிட?"

"எப்படி வேணாலும் கூப்பிடுங்க. தம்பி மட்டும் வேணாம்."

ராதாமணி வண்டியைக் கிளப்பினாள். மாட்டுத்தாவணி தாண்டும் வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள்.

போக மாட்டேன் என்று பத்து தடவை சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு பைக்கில் அலங்காநல்லூர் பக்கம் போனாள். சாத்தையாறு அணைக் கரையில் உட்கார்ந்தார்கள். அவன் தன் முதல் ஜேசிபியை ஓடைக்குள் கவிழ்த்த கதையைச் சொன்னான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. அப்போது சோளம் சுட்டு விற்றவர் அவனைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, அம்மாவுக்கு இன்னொண்ணு குடுக்கவா?"

சிவபாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ராதாமணி அவன் கையை அழுத்தி, "குடுங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் ஒரு காரியத்தில் இறங்கினாள். சிவபாண்டிக்குப் பெண் பார்த்தாள். லேபில் கூட வேலை பார்க்கும் பாண்டிமீனாவுக்கு வீட்டில் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு வயது, கெட்டிக்காரி. முத்துப்பேச்சியிடம் பேசி, ஜாதகம் வாங்கிக் கொடுத்து, யானைமலை நரசிங்கம் கோயிலில் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ள நாள் குறித்ததெல்லாம் ராதாமணிதான். முத்துப்பேச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூடப் பெறந்தவ மாதிரி" என்றாள்.

"நீங்க சொன்னா வாரேன். ஆனா எதுக்குன்னு யோசிங்க" என்று போனில் சொன்னான் சிவபாண்டி.

"பிள்ளைகுட்டின்னு வாழணும்ல. என்னால அது ஆகாது."

"நான் கேட்டனா?"

"இன்னைக்குக் கேக்க மாட்ட. நாளைக்குக் கேப்ப."

கோயிலுக்கு அவன் வெள்ளைச் சட்டை போட்டு, அம்மாவையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தான். பாண்டிமீனாவின் தலையில் பூ வைத்துவிட்டதும் ராதாமணிதான். இருவரும் குளத்துப் பக்கம் பேசப் போனார்கள். ராதாமணி பிராகாரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். எத்தனை சுற்று என்று அவளுக்கே தெரியாது. பேசி முடித்துவிடக் கூடாதே என்றும், சீக்கிரம் முடிந்துவிட வேண்டுமே என்றும் ஒரே சமயத்தில் வேண்டிக்கொண்டாள்.

பாண்டிமீனா மட்டும் விறுவிறுவென்று திரும்பி வந்தாள். "யக்கா, ஒங்களுக்குக் கூறு இருக்கா? மனசுல ஒங்கள வச்சிருக்கிற ஆள எந்தலையில கட்டப் பாக்குறீங்க. அவரு மறைக்காமச் சொல்லிட்டாரு. நீங்க ஏன்க்கா மறைச்சீங்க?"

பின்னாலேயே நின்றிருந்த முத்துப்பேச்சிக்கு அது கேட்டுவிட்டது. கொஞ்ச நேரம் ராதாமணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ என்னய விட எம்புட்டுடி சின்னவ? ஏழு வயசு இருக்குமா? ஒன்ன நம்பித்தானடி கைய நீட்டுனேன்" என்றவள், மகன் வருவதற்குள் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

இரண்டு நாள் லீவு போட்டு வீட்டுக்குள்ளேயே நடந்தாள் ராதாமணி. மூன்றாம் நாள் கோபம் வந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவன் வேலை செய்யும் பிளாட்டுக்கே போனாள். ஜேசிபி இரைச்சலில் அவள் கத்தியது ஒன்றும் கேட்கவில்லை. அவன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"எதுக்கு அந்தப் பிள்ளகிட்டச் சொன்ன? ஊருக்கே தெரியப்போகுது!"

"பொய் சொல்லி ஒருத்தி வாழ்க்கையக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"பத்து வருஷம் போனா எனக்கு அம்பத்தொம்பது. தெரியுமா?"

"எனக்கு நாப்பத்தி மூணு. எனக்கும் கூட்டத் தெரியும்." முகத்தில் அப்பியிருந்த செம்மண்ணைத் துண்டால் துடைத்தான். "ஒங்களுக்கு என்னயப் பிடிக்கலன்னா சொல்லுங்க, இப்பவே போயிர்றேன். பயமா இருக்குன்னா, எனக்கும் பயந்தான்."

பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். ஆனால் "தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். அவன் வண்டியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். பாதிக்கு மேல் குடித்துவிட்டு, "ஒங்கம்மாகிட்ட நானே பேசுறேன்" என்றாள்.

முத்துப்பேச்சி பேசவே விடவில்லை. பெங்களூருவில் வேலை பார்க்கும் மகள் காவ்யஸ்ரீயிடம் சொன்னது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. வீட்டில் தாய்மொழியான சௌராஷ்டிரம் தவிர வேறு பேசாத பெண், அன்றைக்குப் போனில் தமிழில் பேசினாள், வெளியாளிடம் பேசுவதுபோல். "அவருக்கும் எனக்கும் ஒம்பது வயசுதான் வித்தியாசம்மா. நான் அவர என்னன்னு கூப்பிடுவேன்? ஃப்ரெண்ட்ஸ்கிட்ட என்ன சொல்லுவேன்?" "எனக்கும் தெரியல. ஆனா இவர விட முடியல" என்றாள் ராதாமணி. காவ்யஸ்ரீ போனை வைத்துவிட்டாள்.

சித்திரை முடிந்த பிறகு பதிவுத் திருமணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்களில் பாண்டிமீனாவும் ஒருத்தி. உறவுக்காரர் யாரும் வரவில்லை. அந்த வருஷம் சொந்தத்தில் நடந்த விசேஷங்கள் எதற்கும் பத்திரிகையும் வரவில்லை. சிவபாண்டி பகலில் வேலையையும் அம்மாவையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் விளாங்குடிக்கு வந்தான். பாண்டிமீனா ரத்தம் எடுக்கப் போன நாளில் முத்துப்பேச்சி ஒரே அழுகை. கடைசியில் லேபுக்குத் தானே போன் செய்து, "பழைய ஆளையே அனுப்புங்க" என்றாள். ராதாமணி போனாள். முத்துப்பேச்சி சுவரைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் நீட்டினாள். இன்றுவரை அப்படித்தான்.

ஐப்பசியில் சொல்லாமல் கொள்ளாமல் காவ்யஸ்ரீ வந்தாள். இரண்டு நாள் தங்கினாள். சிவபாண்டியோடு அவள் பேசியது, "உப்பு வேணும்" என்ற ஒன்றுதான். திரும்பும் நாளில் அவன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான். தானாகக் கதவு மூடும் மதிய ரயிலில் அவள் சீட்டுக்கு மேலே அதை ஏற்றிவைத்துவிட்டு, இருவரும் பேசட்டும் என்று பிளாட்பாரத்தில் தள்ளிப்போய் நின்றான்.

"நிம்மதியா இருக்கியாம்மா?" என்று கேட்டாள் காவ்யஸ்ரீ.

ராதாமணி யோசித்தாள். "நிம்மதின்னு சொல்ல முடியாது. விட்டுட்டுப் போயிருவாரோன்னு ஒரு நாளு. இவரு வாழ்க்கையக் கெடுத்துட்டனோன்னு ஒரு நாளு. சாயங்காலம் வர நேரமானா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்குறேன். வண்டிச் சத்தம் கேட்டாத்தான் நிக்கிறேன்."

காவ்யஸ்ரீ அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் கிளம்பப் போகிறது என்று அறிவித்ததும், "சரி, எறங்கு. கதவச் சாத்திருவாங்க" என்றாள். ராதாமணி இறங்கினாள். கண்ணாடிக்குப் பின்னால் மகள் கையாட்டியது தனக்கா, சிவபாண்டிக்கும் சேர்த்தா என்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டு பேருமே பதிலுக்குக் கையாட்டினார்கள்.