ரோமில் என்னைக் கவனித்துக்கொண்டவள்

விவாகரத்து முடிந்த குளிர்காலத்தில்தான் நான் ரோமானியரிடம் போய்ச் சேர்ந்தேன். ஒரு சனிக்கிழமை, ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் இருந்த என்னுடைய அப்பார்ட்மென்டுக்குத் திரும்பிப்போக மனமில்லாமல் சப்வேயில் இருந்தபடியே நகரத்தின் நடுப்பகுதிவரை போய்விட்டேன். வெளியே காற்று முகத்தை அறுத்தது. அருங்காட்சியகம் பக்கத்தில் இருந்தது. உள்ளே சூடாக இருக்கும் என்பதைத் தவிர வேறு எந்த நோக்கமும் எனக்கு இருக்கவில்லை.

மேல்மாடியில் ரோமானியருக்கென்று ஒதுக்கிய கூடத்தில் ஒரு கிழவியின் சலவைக்கல் தலை இருந்தது. கன்னம் ஒட்டி, வாயின் இருபக்கமும் கோடு விழுந்த முகம். அவள் யாரென்று யாருக்கும் தெரியாது என்று கீழே எழுதியிருந்தார்கள். செதுக்கியவன் அந்தக் கோடுகளில் ஒன்றைக்கூட மறைக்கவில்லை. அந்த நாட்களில் வேலைக்குப் போகுமுன் முகத்துக்குப் பூசிப் பூசியே களைத்துப்போயிருந்தவள் நான். அவளுக்கு முன்னால் போட்டிருந்த வாங்கில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு கல்லூரி பெரியவர்களுக்காக நடத்திய மாலை வகுப்பில் சேர்ந்தேன். ரோமானியக் கலையும் வரலாறும். ஓய்வுபெற்ற தொல்லியலாளர் ஒருவர் பாடம் எடுத்தார். வகுப்பில் பெரும்பாலும் நரைத்த தலைகள். அவர்களுக்கு நடுவே இன்னொரு கறுத்த தலை இருந்தது. இடைவேளையில் அது என்னிடம் வந்து, "அக்கா, நீங்கள் தமிழோ?" என்று கேட்டது.

அவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள். வங்கியில் வேலை. ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிப் போயிருந்தார்கள், இரண்டு பிள்ளைகள். கணவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் வேலை. வீட்டில் எல்லோரும் இந்த வகுப்பைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றும், செத்துப்போன வெள்ளைக்காரரைப் பற்றிப் படித்து என்ன பதவி உயர்வா கிடைக்கப்போகிறது என்று கணவர் கேட்டதாகவும் சொன்னாள். நானும் சிரித்தேன். நீண்ட காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் இரண்டு பேராகப் போனோம். அவளுடைய கண் என்னுடையதைவிடக் கூர்மையானது. ஒரு சீமாட்டியின் சிலையில் தலைமயிர் மட்டும் வேறு கல்லில் இருப்பதை முதலில் கண்டவள் அவள்தான். அக்காலத்தில் கொண்டை மோஸ்தர் அடிக்கடி மாறுமாம். அதனால் சில சிலைகளுக்குக் கழற்றி மாட்டக்கூடிய மயிரையே செய்துவைத்தார்களாம். "எங்கட கலியாண வீட்டுப் பொம்பிளையள் மாதிரி," என்றாள். காவலாளி எங்களைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். தொடக்கத்தில் அவளை "நீர்" என்றுதான் அழைத்தேன். எப்போது "நீ" ஆனது என்று நினைவில்லை.

ஒரு கல்லறைப் பெட்டிக்கு எதிரே இருந்த வாங்கில் வைத்து, யாருக்கும் சொல்லாத ஒன்றை அவளுக்குச் சொன்னேன். என் கணவர் வீட்டைவிட்டுப் போன பிறகு சில வாரங்கள் நான் வேலைக்குப் போகவில்லை. படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை. காரணமில்லாமல் அழுகை வந்தது. மனநல வைத்தியர் மருந்து தந்தார், நெடுநாள் எடுத்தேன், சுகமாகி, அவருடைய சொற்படியே நிறுத்தினேன். அம்மாவிடம் தைரொயிட் என்று சொல்லியிருந்தேன். அம்மா பக்கத்து நகரமான மார்க்கத்தில் என் தம்பியுடன் இருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் உடைந்துபோவார், கோயிலில் நாலு பேருக்கு முன் தலைகுனிவார் என்று பயந்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை இப்போதும் மறுக்கமாட்டேன்.

ரோமுக்குப் போவோமா என்று கேட்டது அவள்தான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு நாள் வெளியே தங்குவதற்கே அவளுடைய வீட்டில் பிரச்சினை வரும். ஆனால் சில நாட்களிலேயே, கணவர் ஓம் என்றுவிட்டார் என்று சொன்னாள். பிள்ளைகளைப் பார்க்க மாமியார் வந்து நிற்பாராம். உன் கணவர் நல்ல மனிதர், நாம்தான் பிழையாக நினைத்துவிட்டோம் என்று சொல்லி நான் சந்தோஷப்பட்டேன்.

ரோமில் முதல் நாட்கள் நான் கனவு கண்டதைப்போலவே இருந்தன. படத்தில் பார்த்த தூண்கள் வெயிலில் நின்றன. பூனைகள் இடிபாடுகளில் படுத்திருந்தன. மாலையில் கால் வீங்கும்வரை நடந்துவிட்டு, தெருவோரக் கடையில் கோப்பி குடித்தபடி, அன்று பார்த்ததை மாறிமாறிச் சொல்லிக்கொள்வோம்.

பிறகு ஒரு காலை, தலையிடிக்கிறது, நீங்கள் போங்கோ என்றாள். முதல்நாள் வெயில் அதிகம்தான். தேத்தண்ணீர் வாங்கிவைத்துவிட்டு நான் தனியாகப் பழைய நகரச் சதுக்கத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு சக்கரவர்த்திக்கும் அவனுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் எழுப்பிய வெற்றி வளைவு இருக்கிறது. தகப்பன் செத்தபின் மூத்தவன் இளையவனைத் தாயின் கைகளுக்குள்ளேயே வைத்துக் கொல்லுவித்தான். பிறகு நாடு முழுவதும் தம்பியின் பெயரையும் முகத்தையும் செதுக்கி எடுக்கச் சொன்னான். வளைவில் தம்பியின் பெயர் இருந்த இடத்தில் இப்போது தகப்பனையும் அண்ணனையும் புகழும் வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால் பழைய வெண்கல எழுத்துக்களைப் பொருத்திய துளைகள் மறையவில்லை. வகுப்பில் இதைப் படித்த அன்றே, நேரில் போய்ப் பார்க்கவேண்டும் என்று இருவரும் சொல்லியிருந்தோம். அந்தத் துளைகளைக் கண்டுபிடித்து, அவளுக்குக் காட்டப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அவளுடைய கணவர்.

அவர் அதுவரை எனக்கு ஒருநாளும் அழைத்ததில்லை. வேலைக்குப் போகும் வழியில் காரிலிருந்து பேசினார்.

"அக்கா, அவ போன் எடுக்கிறா இல்லை. உங்களோடதானே நிக்கிறா?"

"ஓம், தண்ணி வாங்கப் போயிட்டா," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. படுத்திருக்கிறாள் என்றால் பயந்துவிடுவார் என்று நினைத்திருக்கலாம்.

"சரி, பிரச்சினையில்லை." சற்றுத் தயங்கினார். பிறகு குரலைத் தணித்து, நோயாளியிடம் கதைப்பதைப் போலக் கதைத்தார். "இப்ப எப்பிடி இருக்கிறியள் அக்கா? நித்திரை வருதே? மருந்தை மட்டும் விட்டிடாதேங்கோ. உங்களைத் தனிய விடக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவராம். அதுதான் நான் அவவை அனுப்பினனான்."

நான் நன்றி சொன்னேன். உண்மையாகவே, "நன்றி தம்பி" என்றுதான் சொன்னேன். கைபேசியை வைத்த பிறகும் அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் பல மொழிகளில் வழிகாட்டிகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஹோட்டலுக்குத் திரும்பினேன். அறையில் அவள் இல்லை. தேத்தண்ணீர் அப்படியே இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் வந்தாள். புதுச் சட்டை அணிந்திருந்தாள், முகம் மலர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் அந்த மலர்ச்சி போனது. நான் கேட்காமலே சொன்னாள். கலியாணத்துக்கு முன்பிருந்தே பழக்கமான ஒருவர் ஜெர்மனியில் இருக்கிறார். இரண்டு நாட்களுக்கு மட்டும் வந்திருக்கிறார். கதைப்பதற்கு எவ்வளவோ இருந்தது. அவ்வளவுதான்.

அந்த மனிதரைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது அவளுடைய வாழ்க்கை. நான் கேட்டது என் நோயைப் பற்றி மட்டும்தான்.

"என்ர வருத்தத்தை ஏன் உன்ர மனுசனுக்குச் சொன்னனீ?"

கட்டிலில் இருந்துகொண்டு காலணியைக் கழற்றினாள். "வேற என்ன சொல்லி நான் வெளிக்கிடுறது? ரோமில கல்லுப் பாக்கப் போறன் எண்டால் விடுவாரே? நீங்கள் எண்டால் அவர் இரங்குவார் எண்டு எனக்குத் தெரியும்."

"நான் சுகமாகி எவ்வளவு காலம்."

"அது அவருக்குத் தெரியாதுதானே, அக்கா."

அவள் கோபத்தோடு சொல்லவில்லை. எனக்கு விளங்கப்படுத்துவதைப் போல, பொறுமையோடு சொன்னாள். அதுதான் என்னை அதிகம் தாக்கியது. அன்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே இதை நினைத்திருப்பாளா, அல்லது பிறகுதான் அந்த யோசனை வந்ததா? இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

திரும்பும் விமானத்துக்கு இன்னும் நாட்கள் இருந்தன. பழைய துறைமுக நகரின் இடிபாடுகளைப் பார்க்க முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தோம். சேர்ந்துதான் போனோம். அங்கே வணிகர்களின் சதுக்கத்தில், தரையெல்லாம் கறுப்பு வெள்ளைக் கற்களால் கப்பல்களும் மீன்களும் ஒரு யானையும் பதித்திருக்கிறார்கள். அந்த யானைக்குக் கால் பிழையாகிவிட்டது, செய்தவன் யானையைக் கண்டிருக்கவே மாட்டான் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மறுகணம் என்மீதே எனக்கு வெறுப்பு வந்தது. அவளோ எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு என் தோளில் கையைப் போட்டாள்.

ரொறன்ரோவுக்கு வந்தபின்தான், கதை கணவரோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. பிள்ளைகளைப் பார்க்க வந்த மாமியாருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கிறது. மாமியாருக்குச் சிநேகிதிகள் இருந்தார்கள். ஸ்காபரோவில் தமிழ்க் கடையொன்றில் முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டிருந்தபோது, எனக்கு முகப்பழக்கம் மட்டுமே உள்ள ஓர் அன்ரி என் கன்னத்தைத் தடவி, "பிள்ளை, இப்ப தேறியிட்டீரே?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். நான் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கத்துக்குப் போனபோது அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பியின் மனைவி சாப்பாடு போட்டாள். அவள் அடுப்படிக்குள் போனபின் அம்மா சொன்னார்: "எனக்குத் தைரொயிட் எண்டனீ. ஊருக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறாய்." குரலில் கோபமில்லை. ஒருவருக்குச் சொன்னேன், ஊருக்கல்ல என்று சொல்ல வாய் வந்தது. சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அம்மா என் தட்டில் எதையும் எடுத்து வைக்கவில்லை.

வசந்தம் தொடங்கும்போது அவள் அருங்காட்சியகத்துக்கு வரச்சொல்லி அழைத்தாள். போனேன். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்திருந்தேன். கண்ணாடிக் குவளைகள் இருந்த பக்கத்தில் வைத்து, மே மாதத்தில் நேப்பிள்ஸ் போவோம், எரிமலையில் புதைந்த நகரத்தை இன்னும் பார்க்கவில்லையே என்றாள். கணவரிடம் கதைத்துவிட்டாளாம். "உங்களுக்குத் திரும்பவும் கொஞ்சம் சரியில்லை எண்டு சொல்லியிருக்கிறன். அவர் கேட்டால் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

நான் மாட்டேன் என்றேன். இனி ஒருநாளும் எனக்குச் சுகமில்லை என்று யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தும் பாவனையில் முழங்கையைப் பிடித்தாள். நான் கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினேன்.

அன்று மாலையே அவளுடைய கணவருக்கு அழைத்தேன். என்ன சொல்லவேண்டும் என்று சப்வேயில் வரும்போதே தீர்மானித்திருந்தேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. என்னைப் பற்றி மட்டும்.

"தம்பி, நான் சுகமா இருக்கிறன். ரோமுக்குப் போகேக்கையும் சுகமாத்தான் இருந்தனான். எனக்கு ஒருத்தரும் துணைக்கு வரத் தேவையில்லை. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. "சரி அக்கா," என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. எனக்கு என்னவோ, அவர் கேட்க விரும்பவில்லை என்றுதான் பட்டது.

சில நாட்கள் கழித்து அவள் அழைத்தாள். அழுதிருந்தாள். "நீங்கள் எனக்கு இப்பிடிச் செய்வியள் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை," என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள். அதுதான் எங்களுடைய கடைசிப் பேச்சு.

அவர்கள் பிரியவில்லை. போன ஆடியில் கோயில் தேருக்கு நால்வருமாக வந்திருந்தார்கள். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அது எனக்குப் புதிதல்ல. ஆனால் அவரும் என்னைக் கண்டுவிட்டு, அர்ச்சனைத் தட்டைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்தார். ஒருகாலத்தில் நான் தூங்கினேனா என்று வேறு கண்டத்தில் இருந்து விசாரித்த மனிதர். அவருக்கு இப்போது என்னைப் பற்றி என்ன கதை சொல்லப்பட்டிருக்கிறது என்று தெரியாது. அதை நம்புவது அவருக்கு வசதியாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. தேர் நகர்ந்தது, கூட்டம் எங்களைப் பிரித்தது. தேங்காய் உடைக்கும் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது.

திரும்பும் வழியில் அம்மா காரில் என் பக்கத்தில் இருந்தார். மாதக்கணக்காக எங்களுக்குள் அந்தப் பேச்சு வரவில்லை. அவர் அவர்களைக் கண்டாரோ, என்னைத்தான் கவனித்தாரோ தெரியாது. தம்பி வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் அம்மா இறங்கவில்லை. இடுப்புப் பட்டியைக் கழற்றாமல் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.

"அந்த நேரம் நீ சமைச்சுச் சாப்பிட்டனியே?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா."

"ஆர் பாத்தது உன்னை?"

"ஒருத்தரும் இல்லை."

அம்மா என் பக்கம் திரும்பினார். பிறகு, தனக்கு இனிமேல் யாரும் வந்து சொல்லத் தேவையில்லை, முதலில் இருந்து நீயே சொல்லு என்றார். நான் எஞ்சினை நிறுத்தினேன். என் கணவர் வீட்டைவிட்டுப் போன காலையில் இருந்து சொல்லத் தொடங்கினேன். தம்பியின் மனைவி இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.