குழுப்பாட்டுக்கு யார் டீச்சர்

அந்த டீச்சரை எனக்குப் பிடிக்காது. வந்த அன்றே பிடிக்கவில்லை.

பழவங்காடிக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். பாட்டு டீச்சர் நான் ஒருத்திதான். தொண்ணூறுகளில் காது மந்தமான, பேச்சு சரியாக வராத பிள்ளைகளையும் எல்லோரோடும் ஒன்றாக உட்கார வைக்கத் தொடங்கினார்கள். அதற்கென்று இவளை அனுப்பினார்கள். சர்ச் பாட்டுக் குழுவில் பாடி வளர்ந்தவள். கர்நாடக சங்கீதத்தில் ஒரு வர்ணம்கூடத் தெரியாது.

வகுப்பில் மலையாளப் பிள்ளைகள், கோட்டைக்குள்ளிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள், ராணுவக் குடியிருப்பு இந்திக்காரப் பிள்ளைகள் எல்லாம் உண்டு. பொன்முடி தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். மலையாளம் அரைகுறை, திக்குவாய் வேறு. வாயைத் திறந்தால் என்னிடம் மட்டும்தான், அதுவும் தமிழில். இடைவேளை முழுக்க என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் என் பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வருஷம் அவளுக்கு ஸரளி வரிசை சொல்லிக்கொடுத்தேன். முதல் ஸ்வரத்திலேயே நாக்கு மாட்டிக்கொள்ளும். திரும்பச் சொல்லவைப்பேன். அழுவாள். வரவே இல்லை.

புதியவள் ஸ்வரத்துக்கே போகவில்லை. பெஞ்சில் தட்டச் சொன்னாள். காது கேளாத ஒரு பையன் பலகையில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பிடித்துக்கொண்டு கூடவே தட்டினான். அப்புறம், வீட்டில் பாடுகிற பாட்டை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும் என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். என் லயத்துப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கொழுந்து கிள்ளும்போது பாடுகிற பாட்டு. ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. நான் ஜன்னலை விட்டுத் திரும்பி நடந்தேன்.

அந்தப் பாட்டோடு ஒரு மலையாளப் பாட்டையும் ஓர் இந்திப் பாட்டையும் கோத்து அவள் குழுப்பாட்டு ஆக்கினாள். பள்ளிகளுக்குள் நடக்கும் கலோத்ஸவப் போட்டிக்கு எப்போதும் குழுப்பாட்டு என்னுடையது. அந்த வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டார்.

"டீச்சரே, இந்த வர்ஷம் குழுப்பாட்டை அவங்க பார்க்கட்டும். டீச்சர் ஸ்ருதி மட்டும் போட்டா மதி, கேட்டோ?"

"அதுக்கு நான் எதுக்கு? ஒரு மெஷின் வாங்கி வையுங்கோ."

"அய்யோ, டீச்சர் பிணங்கியாச்சு!" என்று சிரித்தார்.

ஒத்திகையில் ஸ்ருதிப்பெட்டியை வழக்கம்போல ஐந்து கட்டையில் வைத்தேன்.

"டீச்சரே, இந்த மோளுக்கு அத்தற மேலே எத்தாது. கொறச்சு தாழ்த்தலாமோ?" என்றாள் அவள்.

"பாடத் தெரிஞ்சவாளுக்கு எட்டும்."

அவள் பெண்ணை என் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கட்டையாகத் திறந்து காட்டினாள். "ஏதா சுகம், மோளே?" பெண் விரலை வைத்துக் காட்டினாள். நான்கு. என் பெட்டியில் எனக்கே உத்தரவு.

மேடை ஏறும் முன்னால், பாட்டு சொல்லித்தந்த டீச்சருக்கு வெற்றிலையில் பாக்கும் நாணயமும் வைத்துத் தட்சிணை கொடுத்துக் காலைத் தொட்டுக் கும்பிடுவது இங்கே வழக்கம். பிள்ளைகள் எல்லாம் புதிய டீச்சரிடம் போனார்கள். என் பெண் மட்டும் கடைசியாக வெற்றிலையோடு நின்றாள். எனக்குத்தான் என்று பெட்டியை மடியிலிருந்து இறக்கி வைத்தேன். அவளும் புதியவளிடமே போனாள்.

புதியவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேண்டா மோளே. அந்த டீச்சருக்குக் கொடு."

அவள் இரக்கப்பட்டுக் கொடுப்பதை வாங்கவா நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்?

பெண் தலையை ஆட்டினாள். "இ... இது ஒங்களுக்குத்தான். பா... பாட்டு நீங்கதான சொல்லித் தந்தீக." எல்லோர் காதிலும் விழுந்தது.

நான்கு கட்டையில் ஸ்ருதி போட்டேன். குழுவில் இருந்த ஏழு பேரும் நன்றாகவே பாடினார்கள். என் பெண்ணின் வரி வந்தபோது எங்கேயாவது சறுக்குவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சறுக்கவில்லை. கீழே கைதட்டல் அடங்க நேரமானது.

மேடையை விட்டு இறங்கியவள் நேரே என்னிடம் ஓடிவந்தாள்.

"டீச்சர், ந... நல்லா இருந்துச்சா?"

"ஸ்ருதி சேர்ந்தது," என்றேன்.

அவள் போகாமல் நின்றாள். நான் பெட்டியை உறைக்குள் போட்டுக் கட்டினேன். வெற்றிலையைக் கொண்டுபோய் அங்கே கொடுத்துவிட்டு, கேட்பதற்கு மட்டும் என்னிடம் எதற்கு வந்தாள்? அதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம்தான் வருகிறது.