பீரோவுக்குப் பின்னால் இருந்த ஜன்னல்

எர்ணாவூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஒருநாள் என் வீட்டுக்காரர் ஏழுமலை இரண்டாவது மாடிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் காலமெல்லாம் கேஸ் கட்டிங், அதாவது கேஸ் தீயால் இரும்பை அறுக்கும் வேலை, செய்த ஆள். "இன்னாய்யா?" என்றேன். "ஒண்ணியும் இல்லமே, நீ போ" என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பேறி, விரிய மறுப்பது). தழும்பு போகாது, பரவுவதை மட்டும் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டரம்மா. பிறகு, "அவர் படுக்கிற இடத்துல ஜன்னல் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. பீரோவுக்குப் பின்னால்.

எங்கள் குடியிருப்பில் பல வீடுகள் இப்படித்தான். இருப்பது ஒற்றை அறை. பொருள் சேரச் சேரச் சுவர் போதாமல், ஜன்னலைச் சாத்திவிட்டு பீரோவை நிறுத்திவிடுவோம். தீபாவளிக்கு ஒரு பொருள் என்று வாங்கிப் போட்டவர் இவர். ஆளுயரக் கண்ணாடி வைத்த அந்தப் பீரோவைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் காட்டுவார்.

"அத்த எடுத்துட்டா, இன்னாத்த சம்பாரிச்சேன்னு காட்டுவேன்?" என்று முறைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மூச்சுத் திணறுகிறவரிடம் எவ்வளவுதான் மல்லுக்கட்டுவது? உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் உங்களுக்கும் அலுத்துப்போகும். அலுக்கட்டும், அது பாவமில்லை.

ஒரு மதியம் கரண்ட் போனது. ஃபேன் நின்ற கொஞ்ச நேரத்தில் அவர் உதடு நீலம் பாய்ந்தது. நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். பேச முடியாமல் பீரோவைக் காட்டி, நகர்த்து என்று கையசைத்தார். பக்கத்து வீட்டு சலீமா அக்காவைக் கூப்பிட்டு, இருவருமாக இழுத்தோம். ஜன்னல் கொக்கி துருவேறி இறுகிக் கிடந்தது. அக்கா சப்பாத்திக்கட்டையால் தட்டித் திறந்ததும், கடல்காற்று உள்ளே வந்தது.

அந்த வாரமே பீரோ மீன்பாடி வண்டியில் வியாசர்பாடிக்கு, என் தங்கை வீட்டுக்குப் போனது. அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நோய் அப்படியேதான் இருக்கிறது. நானும் களைத்துத்தான் கிடக்கிறேன். முன்பு அடுத்த தீபாவளிக்காகக் காத்திருந்தோம். இப்போது மதியம் கடல்காற்று திரும்புவதற்காகக் காத்திருக்கிறோம். அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, தெரியாமல் நானும் அதே கணக்கில் மூச்சுவிடுகிறேன்.

நேற்று அவரோடு வேலை செய்தவர் ஒருவர் பார்க்க வந்தார். வெற்றுச் சுவரைப் பார்த்துத் திகைத்து, "இன்னா மாமு, பீரோ எங்க?" என்றார்.

"அத்த வுடு" என்று இவர் மெல்ல நகர்ந்து, ஜன்னலடியில் இடம் விட்டார். "இப்டி வந்து குந்து. இப்ப காத்து வரும், பாரு."