மகாராணிக்குப் பாதாம் மட்டை

எங்கள் வீட்டின் பின்சுவரில் பாதி ஒரு குதிரைக்குச் சொந்தம். அந்தப் பக்கம் அது உடம்பைச் சாய்த்தால் இந்தப் பக்கம் அலமாரியில் டம்ளர்கள் மெல்லப் பேசிக்கொள்ளும். அடுப்பிலிருந்து திரும்பாமலே அக்கா சொல்வாள்: "எழுந்துட்டாங்க உங்க மகாராணி. போங்க, போய்த் திருப்பள்ளியெழுச்சி பாடுங்க."

மாமா பாதிக் காபியை வைத்துவிட்டுச் சட்டையைத் தேடுவார்.

மாமா, என்னைவிட இருபது வயது மூத்த என் அக்காவின் கணவர். குதிரையேற்றம் கற்றுத்தரும் பள்ளியில் லாயத்தைப் பார்த்துக்கொள்பவர். லாயத்தை ஒட்டிய இந்த இரண்டு அறை வீடு வேலையோடு வந்தது. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் நானும் அதில் ஒரு மூலை. வேலை போனால் வீடும் போகும் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

மகாராணி முதலாளியின் செல்லம். தடை தாண்டும் போட்டிகளில் அவருக்குக் கோப்பைகளாக வாங்கிக் கொடுத்தவள். தாண்டாத நேரமெல்லாம் அறைக்குள்தான். செய்ய வேறொன்றும் இல்லாமல் கதவின் மேல்விளிம்பைக் கடித்துக் கடித்துப் பிறைபோல் ஆக்கியிருந்தாள். ஒருமுறை தொட்டி நிறைய ஓட்ஸ் தின்றவள் வயிற்றுவலியில் தரையில் புரண்டாள். உடம்பெல்லாம் வியர்வை. பிழைத்துவிட்டாள், ஆனால் அன்றிலிருந்து தொட்டி அவளுக்கு எதிரி. மாமா பக்கத்தில் நின்று பிடி பிடியாக நீட்டினால் உள்ளங்கையைப் பார்ப்பாள், மாமாவின் முகத்தைப் பார்ப்பாள், யோசிப்பாள், அப்புறம்தான் வாய் வைப்பாள். வேறு யார் நீட்டினாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

அதோடு மாமாவுக்கு லீவு என்பதே இல்லாமல் போனது.

அவருக்கும் அக்காவுக்கும் ஒரே மகள், ஒரு நாள் பஸ் பயணத் தொலைவில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்து, அது குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் மாமா போனில்தான் பார்த்தார். ஒவ்வொரு முறை லீவு கேட்கும்போதும் முதலாளி கையை விரிப்பார். "தாராளமா போ. நான் தடுத்தேனா? அவ பட்டினி கெடந்தா உனக்குப் பரவால்லன்னா போ."

மகள் கோபத்தைச் சிரிப்பில் சுருட்டித் தருவாள். "அந்தக் குதிரையையும் கூட்டிட்டு வாங்கப்பா. ரெண்டு பேருக்கும் சேத்தே சமைக்கிறேன்."

மாமாவும் சிரிப்பார். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்திருப்பார்.

மகாராணியைப் பார்க்க வந்த கால்நடை டாக்டரம்மாதான் வழி சொன்னார். "தானியத்துல மாவுச்சத்து அதிகம். ஒரே நேரத்துல கொட்டினா இவ வயிறு தாங்காது. குதிரைன்னா நாள் முழுக்க மென்னுக்கிட்டே இருக்கணும். ஓட்ஸைக் கொறச்சிட்டு அந்த இடத்துல பாதாம் தோல் குடுத்துப் பாருங்க. நல்லாச் செரிக்கிற நார், மாவுச்சத்து ரொம்பக் கம்மி. லேசா இனிப்பு இருக்கிறதால விரும்பித் திம்பா. அதுக்காக மூட்டையோட அவுத்து வெச்சிடாதீங்க. புல்லுதான் முக்கியம், இது கூடத்தான். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும். குளம்பு வீங்குற குதிரைக்கு என்னைக் கேக்காமக் குடுக்கவே கூடாது, அந்த இனிப்பே ஆகாது."

ஊருக்கு வெளியே பாதாம் உடைக்கும் ஆலை ஒன்று உண்டு. பள்ளியின் வேன் டிரைவரை அனுப்பினார்கள். ரகசியத்தைக்கூட உரக்கத்தான் சொல்வார் என்பதால் அவருக்கு ஹாரன் என்று பெயர். அவர் கொண்டுவந்த முதல் மூட்டையில் பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம்போன்ற தோல் இருந்தது. மாமா ஊதினார், பறந்தது.

"இது இல்லப்பா. வெளியில இருக்கிறது."

இரண்டாவது மூட்டையில் ஓடு. மரத்துண்டுபோல் கெட்டி.

"அண்ணே, வெளியில இருக்கிறதுன்னுதானே சொன்னீங்க?"

"அதுக்கும் வெளியில. காய் பழுத்ததும் வெடிச்சு வாயத் தொறக்குமே, அந்தச் சதை. காஞ்சு கெடக்கும். ஓடு செரிக்காது, அது கலக்கவே கூடாது."

மூன்றாவது முறை ஹாரன் வெற்றியோடு இறங்கினார். "தோலுன்னு சொன்னாத் தப்பு, ஓடுன்னு சொன்னா அதவிடத் தப்பு. கேட்டுல செக்யூரிட்டிகிட்ட 'ஓடு வேணாம்'னேன். 'நான் எதுக்குய்யா ஓடணும்'ங்கிறான்! கடைசியில, தேங்காய்க்கு மட்டை மாதிரி பாதாமுக்கு எது இருக்கோ அதைக் குடுன்னேன். குடுத்துட்டான்."

அன்றிலிருந்து அது மட்டை ஆனது. "பாத்துண்ணே, மகாராணி மட்டையாயிடப் போறா" என்று ஹாரன் தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா ஒவ்வொரு மூட்டையையும் தரையில் பரப்பி, கலந்திருந்த ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்தார். நனைத்து, நறுக்கிய புல்லோடு பிசறி, முதலில் கையில் ஒரு பிடி நீட்டினார், சில நாள் கழித்து இரண்டு பிடி. மகாராணி மென்று தின்னத் தொடங்கினாள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும், ஈரச் சரளையில் யாரோ நிதானமாக நடப்பதுபோல. கதவைக் கடிக்கும் சத்தம் குறைந்துவந்தது. அவளுக்கு வயிறும் வலிக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் மாமா வருவதற்குள் ஹாரன் விளையாட்டாகத் தொட்டியில் கொட்டிவிட்டார். அவள் தலையை உள்ளே விட்டாள்.

"அண்ணே! ஓடி வாங்க! திங்கிறா! தொட்டியிலயே திங்கிறா!"

மாமா போய்ப் பார்த்தார். அவள் கழுத்தில் கை வைத்தார். ஒரு காது மட்டும் அவர் பக்கம் திரும்பியது, மறுபடி முன்னால் போனது. வாய் நிற்கவில்லை.

வாசலில் அக்கா காத்திருந்தாள். "என்ன, மகாராணி கைவிட்டுட்டாளா? இப்பவாவது வீட்டுல ஒருத்தி இருக்கான்னு கண்ணுக்குத் தெரியுதா?"

மாமா சிரிக்காமல் செருப்பைக் கழற்றினார். அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முதலாளி வந்தார். ஹாரன் இன்னொரு முறை கொட்டிக் காட்டினார். அவள் தின்பதைப் பார்த்து முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "அட, இதுக்குப் போயா தனியா ஒரு ஆள வெச்சிருந்தேன்?"

எல்லோரும் சிரித்தோம். மாமாவும்.

"சார், அப்ப பொண்ணு வீட்டுக்கு ஒரு எட்டு..."

"போயிட்டு வாய்யா. எத்தனை நாள் வேணும்னாலும் இரு. அவசரமே இல்ல."

எத்தனையோ முறை கேட்டு வராத வார்த்தை. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவசரமே இல்லன்னுட்டாருடா" என்றார் என்னிடம்.

"நல்லதுதானே மாமா?"

"நல்லதுதான்." சுவரைப் பார்த்தார். "அவசரமே இல்லன்னா, நான் இல்லாமலும் லாயம் ஓடும்னு அர்த்தம். ஓடுதான்னு பாக்கத்தான் அனுப்புறாரோ என்னமோ."

அக்கா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "வெச்சிருந்தாலும் பயம், விட்டாலும் பயம். பேத்திக்குப் பத்து வயசானப்புறம் போய் நான்தான் உன் தாத்தான்னு அடையாள அட்டையக் காட்டுங்க. எந்திரிங்க."

கிளம்பினோம். பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் கேட்டு உட்கார்ந்தார், வெளியே பார்க்கவில்லை.

மகள் வீடு மாடியில். குழந்தை எங்களைக் கண்டு முதலில் அம்மாவின் காலுக்குப் பின்னால் போனது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, மாமாவின் முழங்காலைப் பிடித்து நின்றது. அவர் தூக்கவில்லை. அது தானாக விடும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிடும்போது மடியில் வைத்துக்கொண்டு ஊட்டினார். அது எல்லாவற்றையும் தின்றது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாள்.

"ஒரு வாரமாவது இருந்துட்டுத்தான் போகணும்" என்றாள்.

"இல்லம்மா. காலையில மொத பஸ்."

"நாளைக்கேவா? அதான் குதிரை இப்பத் தானாத் திங்குதேப்பா?"

குழந்தையின் வாயோரம் ஒட்டியிருந்த பருக்கையை மாமா விரலால் எடுத்தார்.

"அதனாலதாம்மா" என்றார்.