கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்த தராசு

கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் ஓர் இரசாயனத் தராசு. அதன் இரண்டு பித்தளைத் தட்டுகளில் இடப்புறத்துத் தட்டைத் தாங்கும் கம்பி எப்போதோ முறிந்திருக்க வேண்டும். யாரோ ஈயம் உருக்கி ஒட்டியிருந்தார்கள். அந்த ஈயம் ஒரு பட்டாணி அளவுக்குத் திரண்டு கறுத்திருந்தது. அதை நான் ஒரு திங்கட்கிழமை வெள்ளவத்தைப் பாடசாலை ஒன்றின் ஆய்வுகூடத்திற் கண்டேன். அதே வாரம் புதன்கிழமை கொட்டாஞ்சேனையில், துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகள் படிக்கும் ஒரு சிறிய பாடசாலையில், சுவரோரம் புதிதாகத் துடைத்த மேசைமீது அதே ஈயத்துடன் அது நின்றது.

எழுபதுகளில் புதிய விஞ்ஞானப் பாடவிதானம் ஒன்று சில பாடசாலைகளில் பரீட்சார்த்தமாக நடந்துகொண்டிருந்தது. செய்முறைக்கு முதலிடம் தரும் பாடவிதானம் அது. அதை எல்லாப் பாடசாலைகளுக்கும் விரிப்பதா, விரிப்பதானால் எங்கே எதைக் கொடுத்துவிட்டு விரிப்பது என்று தீர்மானிக்குமுன், மேலிடம் ஒரு மதிப்பீட்டுக் குழுவை நியமித்தது. கொழும்பிலுள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் என் பொறுப்பில் விடப்பட்டன. அந்தப் பொறுப்புக்கு நான் தகுதியற்றவன் என்று அன்றும் எவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த அறிக்கையைப் பற்றிப் பின்னாளில் இரண்டு கதைகள் உலாவின. பழைய கல்லூரித் தோழன் மீதிருந்த காழ்ப்பினால் நான் எழுதினேன் என்பது ஒன்று. கொட்டாஞ்சேனைப் பாடசாலை அதிபரான அவர் ஓர் ஏமாற்றுக்காரர் என்பது மற்றொன்று. இரண்டும் பொய். அவர் இறந்துவிட்டார். எனக்கும் வயதாகிவிட்டது. ஆகவே இதை எழுதிவைக்கிறேன்.

அதிபரும் நானும் ஒரே கல்லூரியில், ஒரே விடுதியில் வளர்ந்தவர்கள். வெள்ளை முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டும் வழக்கத்தை இருவரும் அங்கேதான் கற்றோம். அவர் பௌதிகவியலில் என்னைவிடக் கெட்டிக்காரர். இதைச் சொல்வதால் எனக்குக் குறைவொன்றுமில்லை. பெரிய கல்லூரிகள் அவரை அழைத்தபோதும் அவர் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் உயர்தர விஞ்ஞான வகுப்பு ஒன்றை, ஓட்டுக்கூரை ஒழுகும் ஒரு மண்டபத்தின் பாதியை மறித்து, தாமே தொடங்கினார். அந்தப் பகுதியில் தமிழ்மொழியில் விஞ்ஞானம் படிக்க வேறு இடம் இருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளிடையே அன்று ஒரு நடைமுறை இருந்தது. பக்கத்துப் பாடசாலையிலிருந்து பூகோள உருண்டை வரும். நூல்நிலையத்து அலுமாரிக்குப் புத்தகங்கள் வரும். சில இடங்களில் பாட்டு வாத்தியாரே இரவலாக வருவார். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. கலியாண வீட்டுக்குக் கதிரை கொடுப்பதுபோல அது ஓர் அயலவர் உதவி. ஆனால் நான் போனது இன்ஸ்பெக்ஷனுக்கு அல்ல. எது இல்லை என்று கண்டு சொல்லவே போனேன். இல்லாததைக் கண்டறிய வந்தவனுக்கு இருப்பதாகக் காட்டும் இந்தப் பிழையை எங்கள் ஆட்களைத் தவிர வேறெவரும் அவ்வளவு சிரத்தையுடன் செய்திருக்க மாட்டார்கள்.

நான் அவரை விறாந்தைக்கு அழைத்துச் சென்று, "இந்தத் தராசு வெள்ளவத்தையிலை நிண்டது" என்றேன்.

"ஓம், நிண்டது. நாளைக்கும் அங்கைதான் நிக்கும். இண்டைக்கு மட்டும் எங்கட" என்றார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"இது இன்ஸ்பெக்ஷன் இல்லை. இல்லாததைக் காட்டினால்தானே தருவினம்?"

"தருவினமோ?" அவர் சிரித்தார். "ஐசே, நீர் இன்னும் கொலிஜ் டிபேட்டிலைதான் நிக்கிறீர். இல்லையெண்டு நீர் எழுதினால் அவங்கள் சாமான் அனுப்ப மாட்டாங்கள். வகுப்பை மூடுவாங்கள். மூடினால் என்ர பிள்ளையள் எங்கை போறது? உம்மட வெள்ளவத்தைக்கோ?"

நாங்கள் உள்ளே திரும்பியபோது ஒரு மாணவி நிறுப்பதற்கு ஆயத்தமாக நின்றாள். பதினேழு வயதிருக்கும். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். அவள் உடனே நிறுக்கவில்லை. தட்டுகளைப் பூட்டிவைத்திருந்த பிடியைத் தளர்த்தி, வெறுந்தட்டுகளுடன் தராசை விடுவித்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். ஈயத்தின் பாரத்தால் அது பூச்சியத்தை விட்டு விலகி நின்றது. துலாச்சட்டத்தின் நுனியிலிருந்த சிறிய திருகை இரண்டு விரலால், மூச்சை அடக்கிக்கொண்டு திருப்பினாள். முள் பூச்சியத்துக்கு வந்தது. பிறகுதான் நிறுத்தாள். திங்கட்கிழமை வெள்ளவத்தையில், அந்தத் தராசோடே பழகிய மாணவர்களில் ஒருவர்கூட முள்ளைப் பார்க்கவில்லை. யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "புத்தகத்திலை கிடந்தது, சேர்" என்றாள்.

மாலையில் இன்னொரு சங்கடம். அதிபர் பேசியிருந்த வாடகைக் கார் வரவில்லை. தராசை அன்றே திருப்பிக் கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். என் வீடு வெள்ளவத்தையில். ஜீப் அங்கேதான் போகிறது. வேறு வழியின்றி மதிப்பீட்டுக் குழுவின் ஜீப்பிலேயே அவர் ஏறினார். தராசைப் படுக்கை விரிப்பாற் சுற்றி, காய்ச்சற்காரப் பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்த சிங்களச் சாரதி, "ரத்தரங் கிரண்டத, மாத்தயா?" என்றான். தங்கம் நிறுக்கவா என்ற அந்தப் பகிடிக்கு அதிபர் மட்டும் சிரித்தார். பம்பலப்பிட்டிச் சந்தியில் ஜீப் திடீரென்று நின்றபோது அவர் தலை முன்னாசனத்தில் மோதியது. கை தராசை விடவில்லை.

நெற்றியைத் தடவியபடியே சொன்னார்: "நீர் பாடவிதானத்தை அளக்க வந்தனீர், ஐசே. அவங்கள் எங்களைத்தான் அளப்பாங்கள். தராசைப் பற்றி ஒரு வரியும் எழுதாதையும். இருக்கெண்டும் வேண்டாம், இல்லையெண்டும் வேண்டாம்."

அது என்னால் ஆகாது என்றேன். அவர் தராசைச் சுற்றியிருந்த விரிப்பை இழுத்துச் சரிசெய்தார்.

நான் எழுதியது இது: காட்டப்பட்ட உபகரணங்கள் இரவல், பாடசாலைக்குச் சொந்தமாக எதுவும் இல்லை, ஆயினும் புதிய பாடவிதானத்தின் நோக்கம் நான் பார்த்த வேறெந்த இடத்தையும்விட இங்கே நிறைவேறியிருக்கிறது, ஆதலால் முதலாவது ஆய்வுகூடம் இப்பாடசாலைக்கே வழங்கப்படல் வேண்டும். அந்த மாணவி திருகைத் திருப்பியதையும் விவரித்திருந்தேன். தீர்மானம் எடுக்கும் கூட்டத்துக்கு அறிக்கையின் சுருக்கம் மட்டுமே போயிற்று. சுருக்கியவர் 'இரவல்', 'சொந்தமாக எதுவும் இல்லை' என்ற இரண்டையும் எடுத்தார்; மற்றவற்றை விட்டார். நான் எழுந்து முழு அறிக்கையையும் வாசிக்க அனுமதி கேட்டேன். தலைமை வகித்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரு தராசைக்கூட இரவல் வாங்குற ஸ்கூலுக்கு லாப் கட்டி என்ன பிரயோசனம், மிஸ்டர்? இரவலெண்டு எழுதினது நீங்கள்தானே?" என்றார். சிலர் சிரித்தார்கள். உபகரண வசதியற்ற பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்பை நிறுத்துவதென்று தீர்மானமாயிற்று. என் எதிர்ப்பை எழுத்தில் கொடுத்தேன். அதற்குப் பதில் வரவில்லை.

வகுப்பு மூடப்பட்டது. வெள்ளவத்தையில் இடம் கேட்டுப் போன பிள்ளைகளுக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டது. மறித்த மண்டபத்தின் தட்டியைக் கழற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதிபர் காலத்துக்கு முன்பே ஓய்வு பெற்றார். ஒருமுறை காலி வீதியில் எதிரே வந்தவர் என்னைக் கண்டு வீதியைக் கடந்து மறுபுறம் போனார். நான் கூப்பிடவில்லை. உண்மையை எழுதியவன் எதற்காகக் கூப்பிட வேண்டும்? இன்று அதே அறிக்கையை எழுத நேர்ந்தாலும் அதையே எழுதுவேன்.

அவருடைய மரண வீட்டுக்குப் போனேன். வரக் கூடாதென்று நினைத்தவர்கள் அங்கே இருந்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நரைத்த தலையுடன் ஒரு பெண் மாத்திரம் அருகில் வந்து, "சேர், என்னைத் தெரியுதோ?" என்றாள். தெரியவில்லை. "அண்டைக்குத் தராசிலை நிறுத்தனான்" என்றாள். வீட்டில் தையல் மெஷின் வைத்துச் சட்டை தைத்துக் கொடுப்பதாகச் சொன்னாள். பிரேதப் பெட்டியின் பக்கம் திரும்பினாள். பிறகு, "அண்டைக்குத்தான் முதல்தரம் தராசைத் தொட்டனான், சேர். கடைசித்தரமும் அதுதான். அதிபர் விடிய வெள்ளனவே கொண்டுவந்து, தொட்டுப் பழகு பிள்ளை எண்டு தந்தவர்" என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கும்.

சென்ற மாதம் அந்த வெள்ளவத்தைப் பாடசாலையின் விஞ்ஞானக் கண்காட்சியைத் திறந்துவைக்க அழைத்திருந்தார்கள். மின்தராசுகள் வரிசையாக நின்ற கூடத்தின் மூலையில், 'எமது பழைய தராசு' என்ற அட்டையுடன் அது நின்றது. பாடசாலைக்குப் பல தலைமுறை சேவை செய்தது என்று கீழே எழுதியிருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் அது நின்ற ஒரு நாளைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. பொறுப்பாசிரியையிடம் கேட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். தராசை விடுவித்தேன். வெறுந்தட்டு இரண்டும் ஆடி அடங்கின. ஈயம் இருந்த பக்கம் தாழ்ந்தது. சட்டத்தின் நுனியிலிருந்த திருகைப் பிடித்துத் திருப்ப முயன்றேன். விரல் நிற்கவில்லை. திருகு பிடிபடவேயில்லை.

"விடுங்கோ சேர். அதை இப்ப ஒருத்தரும் பாவிக்கிறேல்லை" என்றார் ஆசிரியை, தன்மையாக.

நான் கதவை மூடினேன். கொட்டாஞ்சேனையில், அன்று காலையில்தான் முதன்முதலாகத் தராசைத் தொட்ட அந்தப் பிள்ளையின் விரல் நடுங்கவில்லை.